ராஜாவுக்காக கையெழுத்து போட்டவர்கள்: திருச்சி பார்த்த ஆளுநர்களின் கதை

1/ ஆளுநர் பத்தி செய்தி வரும்போதெல்லாம் டீக்கடையில இருந்து டிவி விவாதம் வரைக்கும் ஒரே கேள்விதான் ஓடும்: "இவருக்கு இவ்வளவு அதிகாரம் யார் கொடுத்தது?" நல்ல கேள்வி. ஆனா புதுசு இல்லை. திருச்சியும் ஸ்ரீரங்கமும் இதை 700 வருஷமா பார்த்துட்டு வருது. நீளமான இழை நண்பர்களே, பொறுமையா படிங்க.

2/ முதல்ல அடிப்படை. அரசு அலுவலகத்துல இருந்து வர்ற கடிதத்தோட அடியில பார்த்திருப்பீங்க. "மாவட்ட ஆட்சியருக்காக"ன்னு இருக்கும், மேல வேற ஒருத்தர் கையெழுத்து இருக்கும். எங்க ஆஸ்பத்திரி தபால்லயும் இதே கதைதான். பேனா ஒருத்தரோடது, அதிகாரம் இன்னொருத்தரோடது.

3/ ஆளுநர் பதவியோட கருவே இந்த "க்காக"தான். தூரத்துல ஒரு ராஜா. அவரால எல்லா ஊருக்கும் வர முடியாது. தன் பேர்ல வரி வாங்க, படை நடத்த, வழக்கு தீர்க்க ஒருத்தரை அனுப்புறார். மக்கள் ராஜாவை வாழ்நாள்ல பார்க்க மாட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச அரசாங்கம் இந்த ஒருத்தர்தான். அவர் தப்பு பண்ணா யார்கிட்ட போய் சொல்றது? இந்த இழை முழுக்க இந்தக் கேள்விதான்.

4/ கதை 1323-ல ஆரம்பிக்குது. டெல்லி சுல்தானகத்தின் படை தெற்கே வருது. ஸ்ரீரங்கம் தாக்கப்படுது. உற்சவர் அழகிய மணவாளனை ரகசியமா வெளியே கொண்டு போறாங்க. கூடவே போன வயசான ஆச்சாரியார் பிள்ளை லோகாச்சாரியார் வழியிலேயே, மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில காலமானார். பெருமாள் ஊர் ஊரா அலைஞ்சு கடைசியில திருமலையில தங்கினார்.

5/ இதுக்கு அப்புறம் இந்தப் பகுதி டெல்லி சுல்தானோட பிரதிநிதி கையில. மதுரையில உட்கார்ந்தவர் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா. அனுப்பினவர் முகமது பின் துக்ளக். டெல்லிக்கும் மதுரைக்கும் நடுவுல 2,000 கிலோமீட்டருக்கு மேல. ஏறக்குறைய 1335-ல அஹ்சன் ஷா "இனிமே நானே சுல்தான்"னு அறிவிச்சு, தன் பேர்ல நாணயம் அடிச்சார்.

6/ துக்ளக் சும்மா இருக்கலை. பெரிய படையோட கிளம்பினார். வாரங்கல் பக்கம் வந்தப்போ படையில கொள்ளைநோய். ஏகப்பட்ட பேர் செத்தாங்க, சுல்தானும் நோயில விழுந்து திரும்பிப் போனார். அஹ்சன் ஷாவோட மகளையே கல்யாணம் பண்ணின மொராக்கோ பயணி இபின் பதூதா இதையெல்லாம் எழுதி வச்சிருக்கார். ஒரு டாக்டரா எனக்கு இது எப்பவும் ஆச்சரியம். கணக்கு கேட்க வந்த ராஜாவை ஒரு நோய் பாதி வழியில திருப்பி அனுப்பிடுச்சு.

7/ ஆக முதல் பாடம்: ராஜாவால வந்து கேட்க முடியாதபோது "க்காக"ங்கிற வார்த்தை தானா அழிஞ்சிடுது. பிரதிநிதியே ராஜா. இதுல மதுரை, திருச்சி மக்களை யாரும் எதுவும் கேட்கலை.

8/ அடுத்து விஜயநகரம். முதலாம் புக்கரின் மகன் குமார கம்பணர் தெற்கே படை நடத்தி மதுரை சுல்தானகத்தைத் தோற்கடிச்சார். அவரோட மனைவி கங்கா தேவி அதை 'மதுரா விஜயம்'னு சமஸ்கிருதக் காவியமாவே எழுதினாங்க. கம்பணரே அப்பாவோட பிரதிநிதியா முல்பாகலில் இருந்தவர்தான். கம்பணருக்குக் கீழே செஞ்சியில இருந்தவர் கோபண்ணா.

9/ சங்கிலியைப் பாருங்க. புக்கர், அவருக்காக கம்பணர், கம்பணருக்காக கோபண்ணா. இந்த மூணாவது ஆள்தான் திருமலையில இருந்த அழகிய மணவாளனை செஞ்சிக்கு வரவழைச்சு, 1371-ல ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பக் கொண்டு வந்தார். கிட்டத்தட்ட 48 வருஷத்துக்கு அப்புறம் உற்சவர் வீடு திரும்பினார்.

10/ இதைச் சொல்ற சமஸ்கிருதக் கல்வெட்டு ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலேயே இருக்கு. சக ஆண்டு 1293. அந்தச் செய்யுளை எழுதினது வேதாந்த தேசிகர்னு வைணவ மரபு சொல்லுது. அதுல புகழப்படுறது புக்கர் இல்லை, கோபண்ணா. ஊர்க்காரங்க கண்ணுக்கு முன்னாடி நின்னு காரியம் செஞ்சவர் அவர்தானே! பிரதிநிதி நல்லவரா இருந்தா பேர் அவருக்குத்தான் போகும். நியாயம்தான்.

11/ ஆனா எல்லாரும் கோபண்ணா ஆக முடியுமா? ஏறக்குறைய 150 வருஷம் தாண்டி வாங்க. கிருஷ்ணதேவராயர் காலம். சோழ மண்டலத்தைப் பார்த்துக்கிட்டவர் சாளுவ நரசிங்க நாயக்கர். மக்கள் கூப்பிட்ட பேர் செல்லப்பா.

12/ விஜயநகரத்துல இருந்த போர்ச்சுகீசிய குதிரை வியாபாரி பெர்னாவோ நூனிஸ் இவரைப் பத்தி கணக்கே கொடுத்திருக்கார். வருஷ வருமானம் 11 லட்சம் பொன் பர்தாவ். அதுல மூணுல ஒரு பங்கு ராஜாவுக்கு. மிச்சம் ரெண்டு பங்கை வச்சு ராஜாவுக்காக 30,000 காலாட்படை, 3,000 குதிரை, 30 யானை பராமரிக்கணும்.

13/ இந்த ஏற்பாட்டோட உள் வேலையை கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வரி வாங்குறதும் அவர், படை வச்சிருக்கிறதும் அவர். "ராஜாவோட படை"தான், ஆனா சம்பளம் கொடுக்கிற கை செல்லப்பாவோடது. சிப்பாய் யாருக்கு விசுவாசமா இருப்பான்? ராஜா பலமா இருக்கிற வரைக்கும் இது பிரச்சினையாவே தெரியாது.

14/ 1529-ல கிருஷ்ணதேவராயர் மறைஞ்சார். தம்பி அச்சுத தேவராயர் பட்டத்துக்கு வந்தார். செல்லப்பா கிளர்ச்சி பண்ணார். அச்சுதர் ஆள் அனுப்பிட்டு ஹம்பியில உட்காரலை, தானே படையோட கிளம்பி 1532-ல ஸ்ரீரங்கம் வந்து தங்கினார். மைத்துனர் சலகராஜு திருமலை தெற்கே போய் தாமிரபரணிக் கரையில ஜெயிச்சு, திருவிதாங்கூர்ல அடைக்கலம் புகுந்திருந்த செல்லப்பாவைப் பிடிச்சுட்டு வந்தார்.

15/ ஒரு பேரரசர் தன் ஆளுநரைக் கணக்கு கேட்க ஸ்ரீரங்கம் வரைக்கும் வந்த சம்பவம் இது. முறை வேலை செஞ்சுது. ஆனா அதுக்கு ஒரு போரே தேவைப்பட்டுச்சு. போர் நடக்கிற வழியில இருக்கிற கிராமத்துக்கு அந்தப் படை யாரோடதா இருந்தா என்ன, வயல் வயலா இருக்காது.

16/ அதே காலகட்டத்துலதான் மதுரை நாயக்கர் கதை. மரபு வரலாறு சொல்றது இது: நாகம நாயக்கர் ராஜா அனுப்பி மதுரைக்கு வந்தார், வந்து தானே எடுத்துக்கிட்டார். "அவனைப் பிடிச்சுட்டு வர்றது யார்?"னு கிருஷ்ணதேவராயர் கேட்க, எழுந்து நின்னது நாகமரோட சொந்த மகன் விஸ்வநாதர். அப்பாவைப் பிடிச்சு ராஜா முன்னாடி நிறுத்தினார். பரிசா மதுரை கிடைச்சுது. வழக்கமா சொல்ற வருஷம் 1529.

17/ இந்தக் கதை எழுத்துக்கு எழுத்து நடந்துச்சான்னு வரலாற்று ஆசிரியர்கள் வாதம் பண்ணிக்கட்டும். நாயக்கர் வம்சம் தன்னைப் பத்தி இதைத்தான் சொல்லிக்க விரும்பியிருக்கு, எனக்கு அது முக்கியம். அப்பனா ராஜாவான்னு வந்தா ராஜாதான். பிரதிநிதிக்கு இதைவிட பெரிய தகுதிச் சான்றிதழ் கிடையாது.

18/ விஸ்வநாதர் தஞ்சை நாயக்கருக்கு வல்லத்தைக் கொடுத்துட்டு திருச்சியை மாத்தி வாங்கினதாவும், காவிரிக் கரைக் காட்டை வெட்டி, யாத்ரீகர்களை வழிமறிச்ச கள்வர்களை அடக்கி, கோட்டையைப் பலப்படுத்தினதாவும் அதே மரபு சொல்லுது. மலைக்கோட்டையைச் சுத்தி ஊர் வளர்ந்தது அவங்க காலத்துலதான்.

19/ 1565, தலைக்கோட்டைப் போர். விஜயநகரம் உடைஞ்சுது. பேரரசர் பேருக்கு இருந்தார், பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர்னு தலைநகரம் மாறிக்கிட்டே இருந்தார். மதுரை நாயக்கர்களுக்கு இப்போ யார் கணக்கு கேட்பாங்க? யாரும் இல்லை.

20/ ஆனா பாருங்க, அவங்க "க்காக"வை விடலை. தங்களை கர்த்தாக்கள்னுதான் சொல்லிக்கிட்டாங்க. கர்த்தர்னா காரியம் பார்க்கிறவர். பேரரசுக்கு உயிர் போன பிறகும் பல சாசனங்கள்ல விஜயநகர ராஜா பேர் முதல்ல வரும். ஏன்? பேர் இருந்தாத்தான் தன் அதிகாரம் சட்டப்படி வந்ததுன்னு காட்ட முடியும். பேரும் வேணும், அந்தப் பேருக்கு உரியவர் கேள்வி கேட்கவும் கூடாது!

21/ ஒரு தடவை கேட்கவே வந்தார். மூன்றாம் ஸ்ரீரங்கர், கடைசிப் பேரரசர்களில் ஒருத்தர். அப்போ மதுரையில திருமலை நாயக்கர். நிமிர்ந்து பதில் சொல்றதுக்குப் பதிலா கோல்கொண்டா சுல்தானைத் தூண்டி பேரரசரைப் பின்னாலிருந்து தாக்க வச்சார். பேரரசர் ஒழிஞ்சார். ஆனா வடக்கே இருந்து வந்த படைகள் அங்கேயே நிக்கலை. பீஜப்பூர் படை தெற்கே வந்து நாயக்கர்கிட்டயே கப்பம் வாங்குச்சு.

22/ நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். கேட்க ஆள் இல்லாத நாயக்கர்கள் எல்லாரும் மோசம்னு இல்லை. 1689 முதல் 1706 வரை திருச்சியில இருந்து ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளும் சத்திரங்களும் இன்னிக்கும் பேசப்படுது. அவங்களும் ஒரு "க்காக"தான். கைக்குழந்தையா பட்டத்துக்கு வந்த பேரன் விஜயரங்க சொக்கநாதருக்காக நாட்டைப் பார்த்துக்கிட்டாங்க.

23/ ஆனா நல்லாட்சி அப்போ ஆளைப் பொறுத்து இருந்துச்சு, முறையைப் பொறுத்து இல்லை. பேரன் 1732-ல வாரிசு இல்லாம போனதும் எல்லாம் சரிஞ்சுது. ராணி மீனாட்சிக்கும் வங்காரு திருமலைக்கும் வாரிசுச் சண்டை. தீர்த்து வைக்கிறேன்னு வந்தவர் சந்தா சாகிப். வாக்குறுதி கொடுத்து உள்ளே வந்து, திருச்சியைத் தனதாக்கிக்கிட்டார். ராணி மீனாட்சி விஷம் குடிச்சு இறந்தாங்க. நாயக்கர் கதை முடிஞ்சுது.

24/ சந்தா சாகிப் யாரு? இங்கேதான் "க்காக" சங்கிலி உச்சத்துக்குப் போகுது. டெல்லி முகலாயப் பேரரசர். அவருக்காக தக்காணத்துல நிஜாம். நிஜாமுக்குக் கீழே ஆற்காடு நவாப். நவாபோட மருமகன் சந்தா சாகிப். மேலே இருக்கிற எல்லாரும் பேரளவுக்கு அடுத்தவர் பிரதிநிதி. நிஜத்துல அவங்கவங்க ஊருக்கு அவங்கவங்கதான் ராஜா.

25/ 1741-ல மராத்தியர் திருச்சியைப் பிடிச்சு சந்தா சாகிப்பை சதாராவுக்குக் கொண்டு போனாங்க. முராரி ராவ் அவங்களுக்காக திருச்சியை ஆண்டார். 1743-ல நிஜாம் வந்து மீட்டார். அன்வருத்தீனை நவாப் ஆக்கினார். 1749-ல ஆம்பூர் போர்ல அன்வருத்தீன் கொல்லப்பட, மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள்ள ஓடி வந்தார். பத்து வருஷத்துக்குள்ள எத்தனை "பிரதிநிதி"ன்னு எண்ணிக்கோங்க.

26/ இப்போ ஒரே நவாப் பதவிக்கு ரெண்டு பேர். முகமது அலி பின்னால ஆங்கிலேய கம்பெனி. சந்தா சாகிப் பின்னால பிரெஞ்சுக்காரங்க. ரெண்டு பேரும் சொன்னது ஒண்ணுதான்: "நான்தான் பேரரசரோட உண்மையான பிரதிநிதி." பேரரசர் எங்கே? டெல்லியில, தன் அரண்மனையையே காப்பாத்த முடியாத நிலையில.

27/ 1751-52 முற்றுகை. முகமது அலி திருச்சிக் கோட்டையில. ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடிச்சு எதிரியோட கவனத்தைத் திருப்பினது இந்த முற்றுகையை உடைக்கத்தான். பிரெஞ்சுப் படை பின்வாங்கி ஸ்ரீரங்கம் தீவுக்குள்ள போச்சு. ஸ்ரீரங்கம் கோயிலும் திருவானைக்காவல் கோயிலும் படை முகாம் ஆச்சு. 1752 ஜூன்ல உணவு தீர்ந்து சரணடைஞ்சாங்க. தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பி வெளியே வந்த சந்தா சாகிப் தலை வெட்டப்பட்டார்.

28/ அதோட முடியலை. உதவினா திருச்சியைத் தர்றேன்னு மைசூர் நஞ்சராஜருக்கு முகமது அலி வாக்கு கொடுத்திருந்தார். கொடுக்கலை. யாரோட ஊரை யார் யாருக்குத் தர்றது? 1753, 54-ல மறுபடி முற்றுகை.

29/ இந்தக் கதையிலேயே எனக்கு ரொம்ப உறுத்துறது இதுதான். கோட்டையில நவாப் தன் சார்பா விட்டுட்டுப் போன நெருங்கிய உறவினர், முற்றுகைக்காகச் சேமிச்ச தானியத்தை நல்ல விலைக்கு வித்துட்டார். ஆங்கிலேய கேப்டன் டால்டன் கிடங்கைப் பார்த்தப்போ சில வாரத்துக்குத்தான் இருப்பு. கம்பெனி காலத்து ஆசிரியர் ராபர்ட் ஓர்ம் இதைப் பதிவு பண்ணியிருக்கார்.

30/ பேரரசரோட பிரதிநிதிக்குப் பிரதிநிதிக்குப் பிரதிநிதி. சங்கிலி நீளமானதும் கடைசிக் கண்ணி அரிசி மூட்டையை விக்குது. முற்றுகைன்னா டாக்டரா எனக்கு முதல்ல தோணுறது தண்ணியும் சோறும்தான். பீரங்கிக்கு முன்னாடி பசி வரும், பசிக்குப் பின்னாடியே வயித்துப்போக்கு வரும். அந்த மூட்டை வெறும் மூட்டை இல்லைங்க, கோட்டைக்குள்ள இருந்தவங்களோட உயிர்.

31/ ஜெயிச்சது முகமது அலியா? பேருக்கு ஆமா. ஆனா போர்ச் செலவு முழுக்க அவர் கடனா ஏறுச்சு. கடனுக்கு வரி வசூல் அடமானம் ஆச்சு. 1795-ல சென்னையில இறந்தார், உடல் திருச்சிக்கு வந்து அடக்கம் ஆச்சு. 1801 ஜூலை 31 ஒப்பந்தத்துல ஆட்சி முழுக்க கம்பெனிக்குப் போச்சு. நவாப் வாரிசுக்கு வருமானத்துல அஞ்சுல ஒரு பங்கும் பட்டமும் மட்டும்.

32/ கம்பெனிக்கும் ஒரு கவர்னர் உண்டு, சென்னைக் கோட்டையில. 1858-க்கு அப்புறம் அவர் விக்டோரியா ராணியோட பிரதிநிதி. இப்போ ராஜா இருக்கிறது லண்டன்ல. தந்தி, கப்பல், அறிக்கைன்னு மேல இருந்து கண்காணிப்பு பலமாச்சு. முன்ன மாதிரி கவர்னர் தனி ராஜா ஆக முடியாது. ஆனா கீழ இருந்து கேள்வி கேட்க வழி? அது மட்டும் அப்படியே இருந்துச்சு.

33/ அந்த வழியைத் திறந்தது மக்கள். 1930 ஏப்ரல் 13, ராஜாஜி தலைமையில உப்பு சத்தியாகிரகப் படை வேதாரண்யத்துக்குக் கிளம்பினது திருச்சியில இருந்துதான், டாக்டர் தி.சே.சௌ. ராஜன் வீட்டுல இருந்து. ஸ்ரீரங்கத்துக்காரர், எங்க தொழில்காரர். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனைன்னு தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். வழி நெடுக மக்கள் அதை மீறிச் சோறு போட்டாங்க.

34/ 1937 தேர்தல்ல சென்னை மாகாணத்துல 215-க்கு 159 இடம் காங்கிரசுக்கு. ஆனா ராஜாஜி உடனே பதவி ஏற்கலை. 1935 சட்டம் கவர்னருக்குத் தனி அதிகாரங்கள் கொடுத்திருந்துச்சு. "அமைச்சரவை வேலையில அதை வச்சுத் தலையிட மாட்டோம்னு உறுதி கொடுங்க"ன்னு கேட்டாங்க. கவர்னர் எர்ஸ்கின் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில இடைக்கால அமைச்சரவை அமைச்சார். வைஸ்ராய் விளக்கம் கொடுத்த பிறகு ஜூலையிலதான் ராஜாஜி பதவி ஏத்தார். டாக்டர் ராஜன் சுகாதார அமைச்சர்.

35/ விதி விளையாட்டு பாருங்க. திருச்சியில இருந்து ராஜாவோட சட்டத்தை உடைக்க நடந்த அதே ராஜாஜி 1948 ஜூன்ல இந்தியாவோட கவர்னர் ஜெனரல். சட்டப்படி ஆறாம் ஜார்ஜ் மன்னரோட பிரதிநிதி! அதே வருஷம் சென்னைக்கு கவர்னரா வந்தவர் பவநகர் மகாராஜா. சொந்த ராஜ்யத்தை இந்தியாவோட இணைச்சுட்டு, பிரதிநிதியா வந்து உட்கார்ந்த ராஜா.

36/ 1950 ஜனவரி 26-ல மன்னர் போனார், ஆளுநர் பதவி இருந்துச்சு. ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கலாம்னு அரசியல் நிர்ணய சபையில முதல்ல முடிவு இருந்துச்சு. ஒரே மாநிலத்துல மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வர், மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநர்னு ரெண்டு பேர் இருந்தா மோதல் வரும்னு பயந்து 1949 மே மாசம் நியமன முறைக்கு மாத்தினாங்க.

37/ இப்போ ஆளுநருக்கு ரெண்டு கயிறு. பிரிவு 155, 156: குடியரசுத் தலைவர் நியமிப்பார், அவர் விரும்பும் வரை பதவி. இது பழைய ராஜா கயிறு, பிரிட்டிஷ் முடியாட்சியில இருந்து வந்தது. பிரிவு 163: அமைச்சரவை ஆலோசனைப்படி நடக்கணும், அரசியலமைப்பு விட்டுக் கொடுத்த சில இடங்கள் தவிர. இது புதுக் கயிறு. அதோட மறுமுனை சட்டமன்றம் வழியா ஓட்டு போடுற நம்ம கையில இருக்கு. 700 வருஷத்துல ஸ்ரீரங்கத்துக்காரருக்கு இப்படி ஒண்ணு கிடைச்சது அப்போதான்.

38/ அதனால இன்னிக்கு நடக்கிற சண்டை எல்லாம் எந்தக் கயிறு எவ்வளவு இழுக்கும்ங்கிற சண்டை. 1952-ல யாருக்கும் பெரும்பான்மை இல்லாதப்போ ஆளுநர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியை அழைச்சதும் அதுதான். தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் வழக்குல 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் ஆளுநருக்குக் காலக்கெடு சொன்னதும், அதே வருஷம் நவம்பர்ல அஞ்சு நீதிபதிகள் அமர்வு காலக்கெடு விதிக்க முடியாது, ஆனா முடிவே எடுக்காம வச்சிருக்கவும் முடியாதுன்னு கருத்து சொன்னதும் அதுதான்.

39/ உங்களுக்குப் பிடிச்ச கட்சி எதுவா வேணா இருக்கட்டும். டெல்லியில உங்க கட்சி இருக்கும்போது ஒரு நியாயம், சென்னையில இருக்கும்போது இன்னொரு நியாயம்னு பேசாதீங்க. அனுப்பினவர் யாருங்கிறது அஹ்சன் ஷாவுக்கும் தெரியும், செல்லப்பாவுக்கும் தெரியும், சந்தா சாகிப்புக்கும் தெரியும். அந்த ஊர்ல வாழ்றவன் கேட்டா பதில் சொல்லணும்ங்கிறது மட்டும் அவங்க யாருக்கும் தெரியாது. ஆளுநர் பத்தி எந்தச் செய்தி வந்தாலும் அந்த இரண்டாவது கயிறு இறுகுதா, தளருதான்னு பாருங்க.

40/ திருச்சி வந்தா இதையெல்லாம் ஒரே நாள்ல பார்க்கலாம். காலையில ஸ்ரீரங்கம், கோபண்ணா கல்வெட்டும் விஜயரங்க சொக்கநாதர் சிலையும். மதியம் மலைக்கோட்டைப் பக்கம் ராணி மங்கம்மாள் மண்டபம், இப்போ அரசு அருங்காட்சியகம். சாயங்காலம் நத்தர் வலி தர்கா, சந்தா சாகிப் அடங்கியிருக்கிறது அங்கேதான். நுழையிறப்போ செருப்பை மறக்காம கழட்டுங்க, தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க, எங்க ஊர் வெயில் ராஜா, பிரதிநிதின்னு யாரையும் பார்க்காது.